கடலாண்ட போயிடு

சென்னை நொச்சிக்குப்பத்து வெயிலில், மீன்பலகையின் மேல் சாய்த்து வைத்த போனிலிருந்து மடகாஸ்கர் தலைநகரின் கலவரம் கேட்கிறது. அங்கே தான் வேலை செய்யும் ஓட்டலின் சமையலறையில் கதவடைத்துப் பதுங்கியிருக்கும் மகன் எட்வின் கிசுகிசுக்கிறான். தேசம்மாவின் கத்தி பாதி வஞ்சிரத்தில் நிற்கிறது. செதில் ஒட்டிய விரல் பட்டு லைன் கட்டாகிவிடுமோ என்று போனைத் தொடாமல் குனிந்து பேசுகிறாள்.

“ரோட்டுக்குப் போவாத நைனா. பின்பக்கமா கடலாண்ட போயிடு. வலைக்காரன் எவனாவது போட்ல ஏத்திக்குவான்.”

“இங்க கடலே இல்லம்மா. சுத்தி மலதான். கடலுக்குப் போவ பஸ்ஸுல ஒரு நாள் ஆவும்.”

தீவுதானே, நாலு பக்கமும் கடல் இருக்கும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று இத்தனை மாதம் நிம்மதியாகத் தூங்கியவள் நிமிர்ந்து பார்க்கிறாள். எதிரே அலை அடித்துக்கொண்டிருக்கிறது. போனுக்குள் கண்ணாடி உடைகிறது. வேறு வழி எதுவும் அறியாத வாய் மறுபடியும் அதையே சொல்கிறது.

“கடலாண்ட போயிடு நைனா.”