வாசலில் நிற்கும் ஆள்

டிவித் திரையில் நின்ற கிழவனைக் காட்டி என் தம்பி கைதட்டிச் சிரித்தான்.

“அண்ணே, இது சாட்சாத் நீயேதான்! அதே மீசை, அதே முறைப்பு!”

திரையில் ஒரு கேட். கேட்டுக்கு உள்ளே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு கிழவன். கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனவன். மருமகள் கையில் வைத்திருந்த சோப்புக்கட்டி அளவு பழைய விளையாட்டுக் கருவியில் அவன் நகத்தளவுதான் இருப்பானாம். மகன் தன் கணினியில் எமுலேட்டர் என்று எதையோ போட்டு, அந்தக் கணினியையே அந்தக் கருவி என்று நம்பவைத்து, டிவியோடு இணைத்து, கிழவனை அரையடி உயரத்துக்கு வளர்த்துவிட்டான்.

வீட்டில் அத்தனை பேரும் கூடத்தில் இருந்தார்கள். மறைக்க வழியில்லை.

அந்தக் கருவியைச் செய்த நிறுவனத்தை எப்போதோ மூடிவிட்டார்களாம். அங்கொருவர் இங்கொருவராக உலகத்தில் சிலர் மட்டும் இன்னும் அதற்குப் புது விளையாட்டு எழுதித் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். காசுக்கு அல்ல, ஆசைக்கு. வருடத்துக்கு ஒரு போட்டியும் உண்டு. அதற்கு இன்று மாலைக்குள் விளையாட்டை இணையத்தில் ஏற்றிவிட வேண்டும்.

பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் என் மருமகள், வேலை முடிந்து வந்து மாதக்கணக்காக உட்கார்ந்து எழுதிய விளையாட்டு இது. அது எனக்கும் தெரியும்.

ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

ஓய்வுபெறும்வரை நான் ஓர் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. என்னைக் கேட்காமல் ஒரு லாரி உள்ளே வந்ததில்லை. அப்படிப்பட்டவனைப் பொம்மையாக்கி, முகம் தெரியாதவர்கள் எல்லாம் பொத்தானை அமுக்கி ஏய்த்து விளையாடுவதா?

“அந்தக் கிழவனை எடுத்துடு,” என்றேன். “இல்லேன்னா இது இந்த வீட்டு வாசலைத் தாண்டாது.”

மருமகள் வாய் திறந்தாள். மாமியாரைப் பார்த்தாள். என் தம்பியைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

“ஒரு தடவை ஆடித்தான் பாருங்களேன்,” என்றாள் என் மனைவி. “ருசி பாக்காமலே உப்பு இல்லைன்னு சொல்றது உங்களுக்கு என்னிக்கும் உள்ளதுதானே.”

மகன் கீபோர்டை என் மடியில் வைத்தான்.

கேட்டுக்கு வெளியே முழுக்கைச் சட்டை போட்ட ஒரு குட்டி ஆள். அவனை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஆட்டம்.

கிழவன் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை அவன் மேல் திருப்பினான். குட்டி ஆள் தொப்பலாக நனைந்து விழுந்தான். எழுந்தான். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி வந்து நின்றான்.

அடுத்து நாயை அவிழ்த்துவிட்டான். குட்டி ஆள் ஓடினான். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி வந்து நின்றான்.

தம்பி தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். எனக்கே உதட்டோரம் துடித்தது. கிழவன் ஈ காக்கையைக்கூட உள்ளே விடவில்லை. உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“கிழவனாவது பரவாயில்லை,” என்றேன். “வெளிய நிக்கிறான் பாரு, வெக்கங்கெட்டவன்! இத்தனை தடவை துரத்தியும் வந்து நிக்கிறான். எந்தக் குடும்பத்துல பொறந்தானோ!”

மருமகளுக்குப் புரையேறியது.

எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டுகிறவள்போல என் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரம் சொன்னாள்.

“மாமா, அந்தக் கிழவர் எங்கப்பா.”

என் விரல் நின்றுவிட்டது.

“வெளிய நிக்கிறவர்தான் நீங்க. எங்க வீட்டு மாடி ஜன்னல்லேர்ந்து நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

நாலு கட்டத்தில் வரைந்தால் எல்லார் மீசையும் ஒரே மீசைதான் போலிருக்கிறது.

பெண் வீட்டார்தான் சம்பந்தம் பேச எங்களைத் தேடி வந்தார்கள் என்பது இந்த வீட்டில் எல்லோரும் அறிந்த வரலாறு. அந்த வரலாற்றைச் சொன்னவன் நான். இவளையே நினைத்து மகனுக்குத் தொண்டையில் சோறு இறங்காமல் கிடந்த நாட்களில், ‘நடந்துட்டு வரேன்’ என்று கிளம்பிய நான் யார் வீட்டு வாசலில் போய் நின்றேன் என்பது எனக்கும் சம்பந்திக்கும் மட்டும்தான் தெரியும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். நனைந்து வந்த அன்று என் மனைவியிடம் மழை என்று சொன்னேன்.

“சொல்லுங்க மாமா,” என்றாள் மருமகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “எடுத்துடட்டுமா?”

திரையைப் பார்த்தேன். குட்டி ஆள் என் விரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். சட்டை நனைந்திருந்தாலும் அவன் முதுகில் ஒரு கட்டம்கூடக் கோணவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, நேராக அடுக்கியிருந்தாள்.

“என்னண்ணே அங்க ரகசியம்?” தம்பி கத்தினான். “கிழவன் இருக்கணுமா, போகணுமா?”

“இருக்கட்டும்,” என்றேன். “அது நான்தான். ஒத்துக்கறேன்.”

கூடமே ஆரவாரித்தது. நான் மனம் மாறுவதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்று மருமகள் கணினியை நோக்கிப் பாய்ந்தாள்.

தம்பி மட்டும் விடுவதாக இல்லை.

“அப்ப வெளிய நிக்கிற அந்த வெக்கங்கெட்டவன் யாரு?”

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“யாரோ. பாத்தா நல்ல குடும்பத்து ஆள் மாதிரிதான் தெரியுது.”