மதுமதியின் கார்

நாமக்கல் பட்டறையில் அந்தச் சின்னப் பழைய கார் புதிதுபோல மின்னியது. மலைப்பாதையில் நடந்த கார் பந்தயத்தில் மதுமதி கோப்பை வென்ற கார் அது. அன்று வீடு திரும்பும் வழியில் புளியமரத்தில் மோதி அவள் உயிரைக் குடித்ததும் அதுதான்.

“ஜெயிச்ச மெதப்புல வெரட்டுனாளுங்க மாமா. பக்கத்துல உக்காந்து கத்துனேன், கேக்கவேயில்ல,” என்றான் அவள் கணவன் சபரிநாதன், வழக்கம்போல.

ஊரும் அவளைத்தான் பழித்தது. மகள் நினைவாகக் காரைச் சீர்செய்யக் கொடுத்திருந்த அவள் அப்பா வேலுமணி, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார்.

“எல்லாஞ் சரி பண்ணிட்டனுங்க,” என்றார் மெக்கானிக் பூபதி. “ஓட்டுறவங்க சீட்டு மட்டும் மோதுனப்ப இருந்த எடத்துலயே சிக்கிக்கிச்சு. அசைய மாட்டேங்குதுங்க.”

வேலுமணி ஏறி உட்கார்ந்தார். கால் பிரேக்கை எட்டவில்லை. மதுமதி அவரைவிடக் குள்ளம்.

மெல்ல இறங்கியவர், ஆறடி உயர மருமகனுக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

“நீங்க உக்காருங்க மாப்ள.”

சபரிநாதன் ஏறவில்லை.