நடுத்தர ஆளுக்கு

பிரேதத்தைச் சுற்றும் கபன் சீலையைக் கிழிக்கப் போன புடவைக் கடைக்காரர் கையை நிறுத்தி, மையித்து என்ன உயரம் என்று கேட்டார்.

சாலிஹ் கையிலிருந்த கடதாசித் துண்டைப் பார்த்தான். "நடுத்தர ஆளுக்குக் கிழிங்க காக்கா" என்றான். முதலாளி அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

மஜீட் கம்பனியின் நெல்லு மில்லில் சாலிஹ் கிளார்க். விடிய சுபஹு தொழுதுவிட்டு வந்தவனை முதலாளி வீட்டுக்கே கூப்பிட்டனுப்பி, கையில் அந்தத் துண்டைத் திணித்தார். "பொயிலர்க் கரைச்சல். ஒரு ஜனாஸாவ அடக்க வேண்டிய எல்லாத்தையும் பகல் லுஹருக்குள்ள ஆயத்தம் பண்ணிரு. ஆரு எவரெண்டு கேளாத. பேர் வெளிய போனா பொலிசு முந்திரும்."

பொயிலருக்கு நெருப்புப் போடுகிறவர்கள் மூன்றே மூன்று பேர்: ஆதம்பாவா, கச்சிமுகம்மது, நூஹு. நூஹு அவனுடைய தங்கை சுல்பிகாவின் மாப்பிள்ளை, அவளுக்கோ ஏழாம் மாதம். மற்ற இரண்டு பேரில் ஒருவராக இருக்கட்டும் என்று சைக்கிள் மிதித்தபடியே சாலிஹின் மனசு துஆக் கேட்டது. கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. ஆனாலும் திரும்பவும் கேட்டது.

முதலாளியின் அவசரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் மெசின் பெல்ட்டில் அகப்பட்டு ஒருவன் மௌத்தானபோது, மையித்து பின்னேரம் வரைக்கும் மில்லிலேயே கிடந்தது. பொலிஸ் வந்தது, மரண விசாரணை நடந்தது, மட்டக்களப்பிலிருந்து மெசின் பரிசோதிக்கிற துரை வந்தார், மில்லுக்கு ஒரு மாதம் பூட்டு விழுந்தது. வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்று அன்றைக்கே முதலாளி படித்துக்கொண்டார். முதலாளிமாருக்குப் பாடம் ஒரு தரம் நடந்தால் போதும், என்ன பாடம் படிக்கிறார்கள் என்பதுதான் வேறு கதை.

ஓய்வுபெற்ற அப்போதிக்கரி வீட்டுக்குச் சாலிஹ் போனபோது, ஒரு மூட்டை சம்பா அரிசி அவனுக்கு முன்னரே போய் இறங்கியிருந்தது. மனிசன் மரணச் சான்றில் மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்து வைத்து, பேருக்கு இடம் விட்டுக் கொடுத்தார். மையித்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பேச்சுக்குக்கூட அவர் சொல்லவில்லை.

மையவாடியில் கபுறுக் குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "பின்னேரம் அசறுக்குள்ள கொண்டு வந்திருங்க தம்பி. வெட்டின கபுறு ஆளில்லாமக் கிடக்கப்படாது."

ஊர் விதானையிடம் என்ன சொல்வது, எந்த லெப்பை தொழுவிப்பது, மௌத்தான வீட்டுக்கு எத்தனை கொத்து அரிசி என்று எல்லாமே துண்டில் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றையும் முடித்து, லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம் சாலிஹ் மில்லுக்கு வந்து சேர்ந்தான்.

மில் சத்தமில்லாமல் கிடந்தது. நாவிதன்வெளியிலிருந்து நெல் ஏற்றிவந்த வண்டில்கள் வாசலில் வரிசை கட்டி நின்றன. உள்ளே வேப்பமரத்தடியில் முதலில் ஆதம்பாவா தெரிந்தார், பக்கத்தில் கச்சிமுகம்மது. இனித் தங்கச்சியின் முகத்தில் எப்படி முழிப்பது?

அவர்களுக்குப் பின்னாலிருந்து நூஹு எழும்பி வந்தான், வாயில் பீடியோடு.

"என்ன மச்சான், பேயறைஞ்சாப் போல நிக்கிறீங்க? எங்களுக்கு இண்டைக்கு வேலையில்ல. நெருப்புப் போட வேணாமெண்டு முதலாளி காலையிலேயே சொல்லிட்டார்."

சாலிஹ் அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றான். கண் கலங்கிவிட்டது. நூஹு ஒன்றும் விளங்காமல் சிரித்தான்.

முதலாளி கந்தோர் மேசையில் இருந்தார். கபன், கபுறு, அப்போதிக்கரி, விதானை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சரி என்று சாலிஹ் சொல்லச் சொல்ல, அவருடைய முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"அப்ப மௌத்தானது ஆரு முதலாளி?"

"இன்னம் ஒருத்தருமில்ல. பொயிலர்ல வெடிப்பு விழுந்திருக்காம், மெக்கானிக் நேத்துக் கைய விரிச்சிட்டுப் போயிட்டான். புதுச்சாமான் கொழும்புல இருந்து வர ஒரு மாசமாகும். அதுவரைக்கும் வாசல்ல நிக்கிற நெல்லு நமக்காக நிக்குமா?"

துண்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இனிப் பயமில்ல. நூஹுவ நெருப்புப் போடச் சொல்லு."