சிவப்புச் சீட்டு

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆண்டுதோறும் ரத்தம் எடுப்பார்கள். புற்றுநோய் வருமென்று இயந்திரம் சொன்னவர்களுக்குச் சிவப்புச் சீட்டு கிடைக்கும். பூச்சிமருந்து அடிக்கும் வேலை அவர்களுக்குத்தான்; இனிமேல் அவர்களுக்குக் கெட என்ன இருக்கிறது என்பது நிர்வாகத்தின் வாதம்.

ஸ்டெல்லா ஆறு வருடமாக மருந்தடிக்கிறாள். இந்த வருடம், கொழுந்து பறிக்கும் அவள் கணவன் சூசைக்கும் சிவப்பு வந்தது.

“இவரு மருந்து டப்பாவத் தொட்டதே இல்லையே சார்!” என்று சூப்பர்வைசரிடம் பதறினாள்.

“ஒன் வேலத் துணிய யாரும்மா தொவைக்கிறது?”

அவளுக்கு மூச்சு வாங்குகிறதே என்று சூசைதான் துவைத்துப் போடுவான்.

ஸ்டெல்லா வீட்டுக்கு ஓடினாள். மகள் ஜெனிட்டா முழங்கைவரை நுரையோடு நிமிர்ந்து சிரித்தாள்.

“அப்பாவக் காணோமேன்னு இன்னிக்கு நானே தொவைச்சுட்டேம்மா.”