கடைசிக் கார்டு

கண்ணிழந்த குணசேகரனின் செயற்கைப் பார்வை வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டு எரிந்துபோனதில் எட்டு மாதமாக அவருக்கு இருட்டு. அந்தப் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பொருந்தும் கடைசிக் கார்டை எங்கோ தேடிப்பிடித்து, நேற்றே கொடுத்துவிட்டுப் போயிருந்தான் மெக்கானிக் ரிச்சர்ட்.

இன்று வந்து அவசரமாக மாட்டினான். டிரைவரை மறுபடி ஏற்றியும் சிஸ்டம் கார்டைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு புகை வந்தது. கழற்றிப் பார்த்தால், கார்டின் தங்கநிறப் பற்களுக்கிடையில் மஞ்சளாக ஏதோ கருகி அப்பியிருந்தது.

"என்னக்கா இது?"

குணசேகரனின் மனைவி பூர்ணிமா சாமிப் படத்தைப் பார்த்தாள். காலையில் கார்டைச் சாமிப் படத்தின் முன் வைத்து, சந்தனம் குழைத்துப் பூசியவள் அவள்தான்.

குணசேகரன் புகை வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"என்னமோ கருகுதே பூர்ணி. சாமிகிட்ட வச்சுக் கும்பிட்டியா இல்லையா? இப்பவாவது ஒரு பொட்டு வச்சிடும்மா."