கிழியாத துணிக்கு ஒட்டு

துவைக்கலாம் என்று மகனின் பள்ளிப் பையிலிருந்து கால்சட்டையை உருவியதும் தையல்கடைக்காரிக்குச் சுர்ரென்றது.

பாலர் வகுப்பின் தோட்ட நேரத்துக்கென்று பள்ளியிலேயே வைத்திருந்து, துவைக்க மட்டும் வீட்டுக்கு வரும் கால்சட்டை. மண்ணில் புரளுகிற பிள்ளையாயிற்றே என்று முட்டிக்கு இரட்டைத் தையல் போட்டு, போன வாரம்தான் கொடுத்தனுப்பியிருந்தாள். அந்த முட்டியில் இப்போது பச்சைத் துணியில் ஒரு நத்தை. ஒட்டு! அதுவும் கோணல்மாணலான கைத்தையல்.

"எங்கேடா கிழிச்ச?"

"கிழிக்கலைம்மா. டீச்சர் தைச்சாங்க. எல்லாருக்கும் இருக்கு!"

அளவு கொடுக்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னக்கா, ஊருக்கெல்லாம் புதுசு தைக்கிறீங்க, பெத்த பிள்ளைக்கு ஒட்டுத்துணியா?"

அதற்குப் பிறகு ஊசியில் நூல் கோக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலையில் தலைமையாசிரியை அறையில் போய் நின்றாள்.

"தோட்ட வகுப்பு விஷயம்தானே?" என்றார் அவர், நிமிராமலே. "சேறு, சளின்னு ஏற்கெனவே ஆளாளுக்குக் குறை. நீங்களும் ஒரு தடவை கண்ணால பார்த்துட்டு வந்து சொல்லுங்க. வேண்டாம்னா இன்னிக்கே நிறுத்திடறேன். பிள்ளைங்க உள்ளே உட்கார்ந்து படிக்கட்டும்."

"பார்க்க என்ன இருக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் நடந்தாள்.

பார்க்க நிறையவே இருந்தது. நாலைந்து வாண்டுகள் பழைய படுக்கை விரிப்பில் சருகைக் குவித்து, தேர் இழுக்கிற மாதிரி மக்குக் குழிக்கு இழுத்துப் போனார்கள். பிடித்துவைத்த மழைத்தண்ணீரை ஓட்டை டப்பாவால் கீரைப் பாத்திக்குத் தெளித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. ஒரு மண்புழுவைச் சுற்றிப் பெரிய பஞ்சாயத்து.

"இதுதான் தலை!"

"போடா, அது வாலு!"

"அதுகிட்டயே கேளுங்கடா!"

எல்லார் உடையிலும் ஒட்டு. இலை, மீன், எறும்பு, குடை.

மண் அப்பிய கையோடு எழுந்து வந்தாள் டீச்சர்.

"என் பிள்ளையோட கால்சட்டை கிழியவே இல்ல, டீச்சர்."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா ஒட்டுப் போட்டீங்க?"

"தோட்டத்துக்கு வர்ற எல்லாருக்கும் போட்டுடுவேன். பழசைத் தூக்கிப் போடாம தைச்சு உடுத்தலாம்னு பிள்ளைங்களுக்குப் பழகணும் இல்லீங்களா?"

"கிழிஞ்சதைத் தைச்சா அது பழக்கம். கிழியாததுல தைச்சா நூலும் வீண், துணியும் வீண். இதுவா நீங்க சொல்லிக்கொடுக்கிற சிக்கனம்? என் தொழில்ல என்கிட்டயே கதை விடறீங்களே!"

டீச்சர் மண்புழுப் பஞ்சாயத்துப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

"நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா ஒட்டைப் பிரிச்சுடாதீங்க. அது வந்தப்புறம்தான் மொத்த வகுப்பும் வெளியே வருது."

"ஒட்டுக்கும் வெளியே வர்றதுக்கும் என்ன சம்பந்தம்?"

அதற்குள் மகன் ஒரு இரட்டைச்சடைக்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அம்மா, இவளுக்கு மட்டும் மூணு இருக்கும்மா! எனக்கு ஒண்ணுதான். டீச்சர் ஓரவஞ்சனை!"

"மூணு இல்ல, நாலு!" இடுப்பில் கைவைத்துத் திருத்தினாள் இரட்டைச்சடைக்காரி. "பின்னால ஒரு பட்டாம்பூச்சி இருக்கே, பாக்கலையா?" திரும்பி நின்று குனிந்தே காட்டினாள். "வகுப்புலயே எனக்குத்தான் அதிகம்!"

தையல்காரியின் கை சும்மா இருக்குமா? மகனின் முட்டியில் இருந்த நத்தையை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தாள். ஒட்டு, அதற்குக் கீழே முழுத் துணி. அதே கையோடு, அந்தக் குழந்தையின் முட்டியில் இருந்த மஞ்சள் சூரியனையும் தடவினாள்.

பிசிறு பிசிறாகக் கிழிசலின் விளிம்பு தட்டியது. சூரியனுக்குக் கீழே துணி இல்லை. முழங்கால்தான் இருந்தது.

"கூசுது ஆன்ட்டி!" என்று நெளிந்து சிரித்துவிட்டு, மறுபடி மண்புழுவிடம் ஓடிவிட்டாள் இரட்டைச்சடைக்காரி.

தையல்கடைக்காரி மெதுவாக நிமிர்ந்தாள்.

"ஆரம்பத்துல வயித்து வலின்னு சொல்லி உள்ளேயே உட்கார்ந்திருப்பா," என்றாள் டீச்சர், இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற குரலில். "மத்தவங்க விளையாடறதை ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு."



தலைமையாசிரியை சேற்றைத் தாண்டித் தாண்டி வந்து சேர்ந்தார். "என்னங்க, பார்த்தாச்சா? நிறுத்திடலாம்தானே?"

தோட்டமே இரைந்துகொண்டிருந்தது. டீச்சர் தையல்கடைக்காரியின் முகத்தையே பார்த்தாள்.

"குறை இருக்கு மேடம்," என்றாள் தையல்கடைக்காரி. "டீச்சருக்குத் தைக்கவே தெரியல. ரெண்டு தடவை துவைச்சா இந்த நூலெல்லாம் விட்டுடும். இனிமே எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒட்டு நானே மெஷின்ல போட்டுத் தரேன். வகுப்பு பாட்டுக்கு நடக்கட்டும்."

"அப்ப எனக்கு இன்னும் வேணும்மா!" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தான் மகன்.

"போடறேன்டா, இன்னும் ரெண்டு," என்றாள். "ஆனா, அவளைவிட ஒண்ணு கம்மியாத்தான்."