வெயில் இல்லாமல் காய்ந்த மீன்

அந்தத் தீவின் கரை முழுக்க ஆறு பட்டையாக வெடித்த கரும்பாறைத் தூண்கள் நெருக்கமாக நின்றன. எப்போதோ தீக்குழம்பாக ஓடிவந்து கடலோரம் ஆறி இறுகிய பாறை அது. தூண்களின் தட்டையான தலைகளில்தான் மிக்கேலும் அவன் மனைவி பிலோமினாவும் மீன் காயவைப்பார்கள். அன்றோடு மூன்று நாளாக வெயிலே இல்லை. ஆனாலும் நெத்திலி முறுகக் காய்ந்திருந்தது. பிலோமினா ஒரு பெரிய மீனைப் புரட்டினாள். மேல்பக்கம் ஈரமாகவே இருக்க, கல்லில் பட்ட பக்கம் வெந்து வெளுத்திருந்தது.

“அடியில சூடு ஏறுதுங்க. பிள்ளையக் கூட்டிட்டு அக்கரைக்குப் போயிருவோம்.”

“ஏட்டி, இது ஆறி லட்சம் வருசமாச்சுன்னு சர்வே ஆபீசரே சொன்னாரு,” என்று மிக்கேல் சிரித்தான். “மழைக்காலத்துலயும் கருவாடு காயுது. இத விட்டுட்டு எவனாவது போவானா?”

அக்கம்பக்கத்தாரும் கூடைகளோடு வந்து மீனைப் பரப்பினார்கள். மதியத்துக்குள் பாறை இடுக்குகளிலிருந்து நண்டுகள் கூட்டமாகக் கிளம்பி, கடலுக்குப் போகாமல் ஊருக்குள் ஏறின. பிலோமினா மகளைத் தூக்கிப் படகில் உட்காரவைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு புருஷனை வரச்சொல்லிக் கத்தினாள்.

“இந்த ஒரு கூடைய அள்ளிட்டு வந்துருறேன்!” என்று மிக்கேல் பதிலுக்குக் கத்தினான்.

அவள் முழங்கால் வரை இறங்கி நின்றிருந்த கடல், குளிக்கிற வெந்நீர்போலச் சூடாகியிருந்தது. பாறைமேல் மிக்கேல் வெறுங்கால்களை மாற்றி மாற்றி வைத்தபடி இரண்டாவது கூடையை நிரப்பிக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறையும் சொல்லாத அவன் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். அவன் திகைத்து நிமிர்ந்தான். அதற்குள் அவள் விரல்கள் படகுக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தன.